மாணவர் விசாவில் இருந்துகொண்டு எல்லைப்புறக் காப்பித் தோட்டம் பார்க்கப் போவது எப்படி

வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு தமிழ்நாட்டில் படிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஈப்போவிலிருந்து கோவைக்குப் படிக்க வந்தவள். காப்பித் தோட்டம் பார்க்கலாம் என்று தேடினால் இணையத்தில் வருவதெல்லாம் ரிசார்ட்டுகள்தான்: நுழைவுக் கட்டணம், ஜீப் சவாரி, படம் எடுக்க ஒரு ஊஞ்சல், அவ்வளவோடு கிளம்ப வேண்டியதுதான். எனக்கு வேண்டியிருந்தது, இரண்டு மூன்று ஏக்கரில் ஒரு குடும்பம் தானே பறித்து, தானே காயப்போட்டு, தானே மூட்டை கட்டி விற்கிற வீடு. அப்படிப்பட்ட வீடுகள் நீலகிரியின் கூடலூர், பந்தலூரில் தொடங்கி கேரள எல்லை தாண்டி வயநாடு முழுக்க இருக்கின்றன. கேட்டால் பெரும்பாலும் வாங்க என்றுதான் சொல்வார்கள். சிக்கல் அவர்களிடம் இல்லை, நம் விசாவிலும், ராத்திரி படுக்கிற இடத்திலும், நாம் தேர்ந்தெடுக்கிற தேதியிலும்தான். இதைப் பற்றிக் கல்லூரி அலுவலகத்தில் ஒரு பதில், லாட்ஜில் வேறு பதில், கூடப் படிக்கிறவர்கள் சொன்னது இன்னொன்று. எனவே நீங்கள் அலையாமல் இருக்க வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் தேதி

ஊரைப் பிறகு பார்க்கலாம், தேதியை முதலில் முடிவு செய்யுங்கள். இந்தப் பக்கம் பெரும்பாலும் ரொபஸ்டா வகைக் காப்பிதான். பழம் பறிப்பு டிசம்பர் நடுவில் சூடுபிடித்து பிப்ரவரி வரை போகும். இன்னொரு வகையான அரபிகா வைத்திருக்கிற வீடுகளில் நவம்பரிலேயே தொடங்கிவிடும், ஆனால் அப்படிப்பட்ட வீடு இங்கே குறைவு. செடியில் பழம், களத்தில் காயப்போட்டது, திண்ணையில் மூட்டை என்று மூன்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமானால் ஜனவரிதான் சரி. நம் செமஸ்டர் தேர்வுகளும் முடிந்திருக்கும், பொங்கல் விடுமுறையும் வரும்.

பொங்கலில் ஒரு சங்கடம் உண்டு. அந்த வாரம் ஊட்டிப் பேருந்தில் கால் வைக்க இடம் இருக்காது. எல்லைக்கு அந்தப் பக்கம் போய்த் தப்பிக்கலாம் என்றால், கேரள அரசு தைப்பொங்கலுக்கு வயநாடு, இடுக்கி, பாலக்காடு உட்பட ஆறு மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறது, ஆகவே அங்கேயும் அன்றைக்கு விடுமுறைதான். பொங்கலுக்கு அடுத்த வார இறுதியைப் பிடியுங்கள், கூட்டம் வடிந்திருக்கும், பறிப்பு நடந்துகொண்டிருக்கும்.

பூ பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். மழை விழுந்தால், அல்லது தண்ணீர் வசதி உள்ளவர்கள் ஸ்ப்ரிங்க்ளர் போட்டால், ஒன்றரை வாரத்துக்குள் தோட்டம் முழுக்க வெள்ளையாகிவிடும். மூன்று நாலு நாளில் வாடியும்விடும். இதற்கு முன்பதிவெல்லாம் நடக்காது. வீட்டுக்காரர் கூப்பிட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாராக இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் பூ.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். பார்க்க ஒன்றும் இல்லை, அட்டைதான் கடிக்கும். அதைவிட முக்கியம், இது மண் சரிகிற மலை. மேப்பாடிக்கு அருகே முண்டக்கை, சூரல்மலையில் 2024 ஜூலை 30 அன்று நடந்த நிலச்சரிவு எல்லோருக்கும் தெரியும். சிவப்பு, ஆரஞ்சு மழை எச்சரிக்கை வந்தால் டிக்கெட் காசு போனால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

2. எந்தப் பக்கம்

தமிழ் மட்டுமே தெரியும் என்றால் தேவாலா, பந்தலூர், சேரம்பாடி, அய்யன்கொல்லி, எருமாடு வட்டாரம் சுலபம். நீலகிரி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, வீட்டில் மலையாளம் பேசுகிறவர்களும் நம்மிடம் தமிழில் பேசிவிடுவார்கள். கொஞ்சம் மலையாளம் புரியும் என்றால் எல்லை தாண்டி வடுவன்சால், மேப்பாடி, சுல்தான் பத்தேரி பக்கம் போகலாம், அங்கே வீட்டுத் தோட்டங்கள் நிறைய.

3. வீட்டைக் கண்டுபிடிப்பது

கூடப் படிக்கிற கூடலூர், வயநாட்டு மாணவர்களைக் கேட்பதுதான் நல்ல வழி. ஒவ்வொரு கல்லூரியிலும் நாலு பேராவது இருப்பார்கள், அவர்களுக்கு ஒரு சித்தப்பா இருப்பார், அவருக்கு இரண்டு ஏக்கர் காப்பி இருக்கும். அப்படி யாரும் கிடைக்கவில்லை என்றால் காப்பி வாரியத்தின் விரிவாக்க அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம், வயநாட்டுக்குக் கல்பெட்டாவில் இருக்கிறது. சுண்டேலில் வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் உண்டு. வேளாண்மை, உணவுத் தொழில்நுட்பம் மாதிரிப் படிப்பில் இருப்பவர்கள் துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் மதிப்பு வேறாக இருக்கும்.

"சின்னத் தோட்டம்" என்று மட்டும் கேட்காதீர்கள். காப்பி வாரியக் கணக்கில் 10 ஹெக்டேர் வரை சிறு விவசாயிதான், அதாவது கிட்டத்தட்ட 25 ஏக்கர். அங்கே மேலாளர் வைத்து வேலை நடக்கும், முதலாளி கோழிக்கோட்டில் இருப்பார். "வீட்டுக்காரரே பறிக்கிற தோட்டம், அஞ்சு ஏக்கருக்குள்" என்று சொல்லுங்கள்.

பறிப்புக் காலத்தில் பகலில் போன் எடுக்க மாட்டார்கள். ராத்திரி ஏழரைக்கு மேல் கூப்பிடுங்கள். நான் சொல்வது இப்படி: "வணக்கம்ண்ணா, நான் மலேசியாவிலிருந்து வந்து கோயம்புத்தூரில் படிக்கிறேன். இன்னாருடைய கிளாஸ்மேட். உங்க தோட்டத்தில் பறிப்பும் களமும் ஒரு பகல் மட்டும் பார்க்கணும், தங்க மாட்டேன். வேலைக்கு இடைஞ்சல் இல்லாத நாள் எது?" இதில் "தங்க மாட்டேன்" என்பது முக்கியம். காரணம் ஐந்தாவது பகுதியில் வருகிறது. எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், இரண்டு பேர் என்று சொல்லிவிட்டு ஏழு பேராகப் போய் இறங்கினால் அந்த வீட்டு அக்கா அன்றைக்குக் களத்தை விட்டு அடுப்படியில் நிற்க வேண்டி வரும்.

4. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

கடவுச்சீட்டு அசல், விசா பக்கத்தின் நகல், வெளிநாட்டினர் பதிவு முடித்ததும் கிடைத்த குடியிருப்பு அனுமதி, கல்லூரி அடையாள அட்டை. போனஃபைடு சான்றிதழ் ஒன்று இருந்தால் நல்லது, கேட்கிறார்களோ இல்லையோ. எல்லாவற்றிலும் இரண்டு நகல். போனில் படமாக இருந்தால் போதாதா என்றால், சேரம்பாடி தாண்டியதும் சிக்னல் போய்விடும், சார்ஜும் போய்விடும், அப்புறம் உங்கள் பாடு.

நீண்ட கால மாணவர் விசாவில் வந்தவர்கள் இந்தியா வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவை ஆன்லைனில் செய்ய வேண்டும். இது முடியாமல் ஊர் சுற்றக் கிளம்பாதீர்கள். விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் அதற்கான ரசீதையாவது அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீலகிரிக்கோ வயநாட்டுக்கோ வார இறுதியில் போய்வரத் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. தேவை என்று சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் ஹாஸ்டலிலேயே இருப்பார்கள். வார்டனிடம் வெளியே போகும் சீட்டு வாங்குவது வேறு விஷயம், அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: "ஒரு வாரம் பழம் பறித்துக் கொடு, தங்க இடமும் சாப்பாடும் இலவசம்" என்று சில இடங்களில் ஆள் கூப்பிடுகிறார்கள். மாணவர் விசாவில் இருப்பவர்கள் இதற்குள் போகவே போகாதீர்கள். காசு வாங்காவிட்டாலும் அது வேலைக்கு மாற்றாகக் கொடுக்கிற கூலிதான், விசா நிபந்தனையை மீறியதாக யாராவது எழுதிவிட்டால் அடுத்த நீட்டிப்பில் மாட்டும். ஆசைக்கு ஒரு வாளி பறித்துப் பார்ப்பதில் தப்பில்லை.

5. ராத்திரி எங்கே படுப்பது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வெளிநாட்டுக் குடிமகனுக்கு ஒரு ராத்திரி இடம் கொடுத்தாலும், இடம் கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் அதை அரசுத் தளத்தில் பதிவேற்ற வேண்டும். படிவம் சி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். லாட்ஜ், ஹோம்ஸ்டே மட்டும் இல்லை, சாதாரண வீட்டுக்கும் இது பொருந்தும். சொந்தக்காரர் வீடுதானே என்றால் அதற்கும் பொருந்தும். பந்தலூர் பக்கம் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய, இலங்கை மாணவர்களுக்கு அங்கே மாமா, பெரியம்மா யாராவது இருப்பார்கள், அவர்கள் வீட்டில் படுத்தாலும் கணக்கு கணக்குதான். செய்யாமல் விட்டால் முதலில் கேள்வி வருவது நமக்கு இல்லை, இடம் கொடுத்தவருக்கு. காப்பி காயப்போடுகிற நேரத்தில் அந்த மனிதரைக் காவல் நிலையத்துக்கு நடக்க வைப்பதற்கா போகிறோம்?

தோட்ட வீட்டுக்காரர்களில் பலருக்கு இப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் தளத்தில் பயனர் கணக்கு வேண்டும், அது கேட்ட அன்றைக்கே கிடைத்துவிடும் என்று நம்பாதீர்கள். அதனால்தான் பகலில் மட்டும் தோட்டம், ராத்திரிக்கு ஊருக்குள் லாட்ஜ் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

லாட்ஜிலும் ஒரு பொறி இருக்கிறது. முன்பதிவு செயலியில் காசு கட்டி உறுதியும் வந்துவிடும். போய் நின்றால் கடவுச்சீட்டைப் பார்த்ததும் "ஃபாரினருக்கு ரூம் இல்லம்மா" என்பார்கள், ஏனென்றால் படிவம் சி பதிவேற்றும் தளத்தில் அவர்களுக்குக் கணக்கு இல்லை. எல்லைப்புற ஊர் ஒன்றில் ஒரு லாட்ஜ் எனக்கு இதைச் சொன்னது ராத்திரி ஒன்பது மணிக்கு, கடைசிப் பேருந்தும் போன பிறகு. கட்டிய காசு திரும்பி வர மூன்று வாரம் ஆனது. எனவே காசு கட்டும் முன் போன் செய்து ஒரே கேள்வி: "வெளிநாட்டு பாஸ்போர்ட், சி ஃபார்ம் போடுவீங்களா?" போடுவோம் என்று சொன்னவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், வாட்ஸாப்பில் ஒரு வரி எழுதி வாங்கினால் இன்னும் நல்லது. தமிழ் முகமும் தமிழ்ப் பேச்சும் இருப்பதால் நம்மை உள்ளூர்க்காரர் என்று நினைத்துக்கொண்டு முதலில் சரி என்பார்கள், எனவே "பாஸ்போர்ட்" என்ற சொல்லை அழுத்திச் சொல்லுங்கள்.

கேரளப் பக்கம் சுற்றுலாத் துறையிடம் தரச்சான்று வாங்கிய ஹோம்ஸ்டேக்கள் இருக்கின்றன, டைமண்ட், கோல்டு, சில்வர் என்று. இந்த வகை இடங்களில் படிவம் சி பழகிய விஷயம். தோட்டத்துக்குள்ளேயே தங்கத்தான் வேண்டும் என்பவர்கள் இதைத் தேடுங்கள், வாடகை கூடும். எங்கே தங்கினாலும் கிளம்பும் முன் படிவத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

6. போகிற வழி

கோவையில் மேட்டுப்பாளையம் ரோடு பேருந்து நிலையத்திலிருந்து ஊட்டி, அங்கிருந்து நடுவட்டம் வழியாகக் கூடலூர். நேர்ப் பேருந்து கிடைத்தாலும் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடலூரிலிருந்து பந்தலூர், சேரம்பாடி, அய்யன்கொல்லிக்கு ஊர்ப் பேருந்து. எல்லை தாண்டுகிறவர்களுக்கு சேரம்பாடியிலிருந்து சோலாடி சோதனைச்சாவடி வழி மேப்பாடிப் பக்கமும், கூடலூரிலிருந்து பாட்டவயல் வழி சுல்தான் பத்தேரியும். சாவடியில் பேருந்தில் ஏறிப் பார்ப்பார்கள், சில நாள் பை திறக்கச் சொல்வார்கள், கேட்டால் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு உட்காருங்கள், அதற்கு மேல் கதை சொல்ல வேண்டாம்.

வாடகைக் காரில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளியிலிருந்து வரும் வண்டிகளுக்கு இது கட்டாயம், கட்டணம் கிடையாது. இந்திய போன் எண் இல்லாதவர்கள் மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்யலாம். கோடை மாதங்களில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைத்தார்கள். பாஸ் எடுத்தாயிற்று என்று டிரைவர் வாயால் சொன்னதை நம்பி ஏறாமல், காட்டச் சொல்லிப் பாருங்கள். அரசுப் பேருந்துக்கு இந்தத் தொல்லையே இல்லை.

மைசூர், பெங்களூரில் படிக்கிறவர்கள் பந்திப்பூர் வழியாக வருவீர்கள். அந்தக் காட்டுச் சாலை ராத்திரி 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். ஆறரைக்கு மேல் மைசூரில் கிளம்பினால் வழியில் மாட்டிக்கொள்வீர்கள்.

நீலகிரிக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அபராதம். எஃகு பாட்டில் கொண்டு போங்கள். கேரளப் பக்கம் போகும் நாளுக்கு முன்தினம் ஹர்த்தால் (கடையடைப்பு) ஏதாவது அறிவித்திருக்கிறார்களா என்று செய்தி பாருங்கள், யானை யாரையாவது அடித்துவிட்டால் மறுநாளே கடையும் பேருந்தும் நின்றுவிடும்.

7. செலவு

கோவை முதல் கூடலூர் வரை அரசுப் பேருந்தில் இருநூறு ரூபாய்க்குள் முடியும். சாதாரண லாட்ஜ் எண்ணூறு முதல் ஆயிரத்து ஐந்நூறு, சீசனில் கூடும். மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு ஜீப் அல்லது ஆட்டோ, ஏறும் முன் திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசி முடியுங்கள். உள்ளே போனபின் திரும்பி வரும் விலை வேறு.

வீட்டுக்காரருக்கு என்ன கொடுப்பது என்பதுதான் சங்கடமான இடம். கட்டணம் என்று கேட்க மாட்டார்கள், நீட்டினால் வேண்டாம் என்பார்கள். நான் கோவையிலிருந்து பழமும் இனிப்பும் வாங்கிப் போவேன், மதியம் சாப்பிட்டிருந்தால் கிளம்பும்போது தலைக்கு ஐந்நூறு என்று உறையில் போட்டு வீட்டு அக்கா கையில் கொடுத்துவிடுவேன். அண்ணன் கையில் கொடுத்தால் திருப்பித் தந்துவிடுவார். ரொக்கமாக இருக்கட்டும், சிக்னல் இல்லாத மேட்டில் நின்று ஜிபே சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

8. தோட்டத்தில்

காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். முழுக்கை சட்டை, முழுக்கால் சட்டை, ஷூ. காப்பிச் செடியில் முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கும், கிளையை வளைத்த கையோடு கழுத்தில் இறங்கும். பறிக்கிற அக்காமார் ஏன் தலையிலிருந்து துணி சுற்றியிருக்கிறார்கள் என்பது அப்போது புரியும்.

களத்தில் செருப்போடு மிதிக்காதீர்கள். சிமென்ட் தரையிலோ தார்ப்பாயிலோ பழத்தை அப்படியே பரப்பியிருப்பார்கள், அடிக்கடி கிளறிவிட வேண்டும், நல்ல வெயிலில் பன்னிரண்டு, பதினைந்து நாள் ஆகும். சிவப்பு கருப்பாகி, கையில் அள்ளிக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும், அதுதான் பதம். அப்படிக் காய்ந்ததற்கு உண்டக்காப்பி என்று பெயர், தோலை மில்லில் உடைத்து எடுத்தால் பரிப்பு. கடைத்தெருவில் இரண்டுக்கும் தனித்தனி விலை எழுதியிருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள். ஐந்து கிலோ பழம் பறித்தால் ஒரு கிலோ பரிப்பு வரும், ஏறத்தாழ. ஜனவரியில் மேகம் கறுத்தால் வீட்டில் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இருக்காது, பேச்சை நிறுத்திவிட்டு நீங்களும் பழத்தைக் குவித்துத் தார்ப்பாய் மூடக் கை கொடுங்கள். காய்கிற பழம் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், ஒரு வருஷ உழைப்பின் விலை அதோடு இறங்கிவிடும்.

2024-ல் ரொபஸ்டா விலை ஏறியதிலிருந்து களத்துத் திருட்டு பற்றிய பயம் கூடியிருக்கிறது. தெரியாத முகம் வேலி ஓரம் நின்று படம் எடுத்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து கேட்பார், கேட்கத்தான் செய்வார். வீட்டுக்காரர் கூட இல்லாமல் எங்கேயும் நடக்காதீர்கள். பறிக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், அவர்கள் கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர்கள், நமக்காக நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்கு நஷ்டம். எத்தனை மூட்டை வரும், என்ன லாபம் என்று போன உடனே கேட்பதும் நன்றாக இருக்காது. மிளகுக் கொடி பற்றிக் கேளுங்கள், காப்பிக்கு நிழல் தரும் மரத்தில்தான் அதை ஏற்றியிருப்பார்கள், அதில் ஆரம்பித்தால் பேச்சு தானாக விலைக்கு வந்து சேரும். குடிக்க கட்டன் காப்பி கொடுப்பார்கள், பால் இருக்காது, வெல்லம் போட்டிருக்கலாம். நமக்குப் பழகிய டிகிரி காப்பியை அங்கே எதிர்பார்க்க வேண்டாம், எனக்கு அந்தக் கட்டன் காப்பிதான் பிடித்தது.

நாலு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். இருட்டினால் அந்தப் பாதை யானையுடையது. இன்னும் அரை மணி நேரம் இருங்க என்று அன்பாகச் சொல்வார்கள், அவர்களுக்கு எந்த வளைவில் என்ன நிற்கும் என்று தெரியும், நமக்குத் தெரியாது. அறைக்குத் திரும்பியதும் கால், இடுப்பு எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக் குளியுங்கள். வயநாட்டில் குரங்குக் காய்ச்சல் வந்துபோன இடங்கள் உண்டு, அது உண்ணியால் பரவுவது. திரும்பி வந்து ஒரு வாரம், பத்து நாளில் கடும் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் தோட்டத்துக்குப் போனதைச் சொல்லிவிடுங்கள்.

9. காப்பி வாங்கி ஊருக்குக் கொண்டு போவது

வீட்டில் தூள் விற்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர்கள் வியாபாரிக்கு உண்டக்காப்பியாகவோ பரிப்பாகவோ விற்கிறவர்கள், தங்களுக்கு மட்டும் இரும்புச் சட்டியில் கொஞ்சம் வறுத்து வைத்திருப்பார்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கூடலூர், பத்தேரி கடைத்தெருவில் வறுத்து அரைத்துத் தருகிற கடைகள் உண்டு. கண்முன்னால் அரைக்கச் சொல்லுங்கள், சிக்கரி வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். பாக்கெட் வாங்கினால் பின்பக்கம் பாருங்கள், கலவை என்றால் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம், அதற்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. வயநாடு ரொபஸ்டாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததால் அந்தப் பெயரை எல்லோரும் அட்டையில் போட்டுக்கொள்கிறார்கள், பெயரைப் பார்த்து மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

ஊருக்கு விமானத்தில் கொண்டு போவதாக இருந்தால் வறுத்தது மட்டும். பச்சைக் கொட்டை, விதை, நாற்று, செடியோடு ஒட்டிய மண் இவையெல்லாம் தாவரப் பொருள், தாவர நலச் சான்றோ இறக்குமதி அனுமதியோ இல்லாமல் போனால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், அபராதமும் போடலாம். பாட்டிக்குத் தொட்டியில் நட ஒரு கன்று என்று அந்த வீட்டு அண்ணன் ஆசையாகக் கொடுப்பார், அதை ஹாஸ்டல் தோட்டத்திலேயே நட்டுவிடுங்கள். தூளை இரண்டு உறை போட்டு, கடை ரசீதையும் உள்ளே வைத்து, பெரிய பெட்டியில் போடுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் திறந்து கொட்டிப் பார்க்கச் சொல்லி வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் முறைப்பார்கள்.